விலையில்லாக் குச்சிக்கு விலை என்ன?

அரிசிக்கும் சீனிக்கும் ஊரறிந்த விலை உண்டு. ஒரு கடையில் கூட்டிச் சொன்னால் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். குறைத்துச் சொன்னால் நம் முதலே கரைந்துவிடும். இத்தகைய சரக்கில் நேர்மையாக நடப்பதற்குச் சந்தையே நமக்குத் துணை நிற்கிறது. விலை இன்னதென்று எவருக்கும் தெரியாத பொருளொன்று நம் கடை மேசைமீது வந்து அமரும்போதோ, அந்தத் துணை நீங்கிவிடுகிறது. அங்கே வணிகன் தன் ஈமானோடு மட்டும் தனித்து நிற்கிறான். அத்தகைய சிறு பொருள் ஒன்றை முன்வைத்துப் பெரியதொரு வினாவை இங்கே ஆராய விழைகிறோம்.

நாம் சொல்லும் பொருள் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குப் புதிதன்று. கித்தா மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளிகளைக் கொண்டு செய்த ஒரு சாண் உயர நாற்காலிதான் அது. அதற்குத் துணையாக ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு தொட்டில். கடையில் பொம்மை வாங்கிக் கொடுக்கப் பெற்றோரிடம் காசில்லாத காலத்தில், லயத்துப் பிள்ளைகளுக்கு மரமும் புதருமே பொம்மைக் கடையாக இருந்தன. கித்தாக் கொட்டை கோலியாயிற்று, தென்னோலை காற்றாடியாயிற்று, சுள்ளிகள் சொப்பு வீட்டுக்குத் தட்டுமுட்டுச் சாமான்களாயின.

பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலை, கை வைத்தால்தான் எவ்வளவு அரிது என்று தெரியும். பென்சில் பருமனுள்ள நான்கு சுள்ளிகள் கால்களாகின்றன. அவற்றினும் மெல்லியவை குறுக்குச் சட்டங்களாகின்றன. முதுகுச் சாய்வுக்குத் தானாக வளைந்த குச்சியாகத் தேடி எடுக்க வேண்டும். இருக்கைக்கு ஈர்க்குகளை வரிசையாக அடுக்கி வாழைநாரால் கட்ட வேண்டும். மேசைக்குப் பலகையாகச் சிரட்டைத் துண்டைத் தேய்த்து எடுப்பர். கித்தாக் கொட்டையின் ஓடு அதன்மேல் கிண்ணமாகும். பச்சைக் குச்சியில் மட்டும் செய்தால் காய்ந்தபின் மூட்டுகள் தளர்ந்துவிடும். மிகவும் உலர்ந்ததை வளைத்தால் ஒடிந்துவிடும். சற்றே ஈரமுள்ள காலில் துளையிட்டு, நன்றாகக் காய்ந்த சட்டத்தை அதில் செருகினால், கால் காயக் காயச் சட்டத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பெரிய நாற்காலி செய்யும் தச்சர் கையாளும் அதே நுட்பம் இது. எண்ணிப் பார்த்தால் ஒரு சிறு நாற்காலிக்கு முப்பது துண்டுகளுக்குக் குறையாது. ஒவ்வொன்றையும் வெட்டி, பட்டை சீவி, அளவு பார்த்துப் பொருத்த வேண்டும்.

இப்படிச் செய்த நாற்காலியை ஒரு தோட்டத்து அம்மாள் நம் கடைக்குக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன விலை என்று கேட்கிறோம். அவர் தயங்குகிறார். "நமக்கென்ன தெரியும், நீங்களே பார்த்துக் கொடுங்க, பாய்" என்கிறார். இந்தச் சொல்லை நம்மில் கேளாதார் யார்? இதைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் முதற் கணக்கு எது என்பதே நம் வினா. "குச்சி சும்மா கிடைத்தது, நார் சும்மா கிடைத்தது, எனவே ஐந்து வெள்ளி போதும்" என்பதே அந்தக் கணக்காயின், அது சரிதானா?

சுள்ளி யாருடையது?

விலைக்கு முன்னால் உரிமையைப் பார்ப்போம். தோட்டம் ஒருவருடைய சொத்து. அதில் நிற்கும் மரமும், மங்கில் வடியும் பாலும், மரப்பட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலும் தோட்டத்துக்குரியவை. உதிர்ந்த சுள்ளியோ? லயத்துக் குடும்பங்கள் அடுப்புக்கு அதைப் பொறுக்கி வந்தது காலங்காலமாக நடந்ததுதான். வழக்கம் அனுமதித்ததை மார்க்கமும் பொதுவாக அனுமதிக்கிறது. வழியில் கிடந்த ஒரு பேரீச்சம் பழத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அது ஸதக்காப் பொருளாக இருக்குமோ என்ற அச்சம் இல்லாவிடில் தாம் அதை உண்டிருக்கக் கூடும் என்று கூறியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உடையவர் தேடி வராத அற்பப் பொருளை எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதற்கு அறிஞர்கள் இதையே ஆதாரமாகக் காட்டுவர்.

ஆயினும் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பொய்ச் சத்தியம் செய்து ஒரு முஸ்லிமின் உரிமையைப் பறிப்பவனுக்கு நரகம் விதியாகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, அது அற்பப் பொருளாயினுமா என்று ஒருவர் கேட்டார். மிஸ்வாக் எடுக்கும் அராக் மரத்தின் சிறு குச்சியாயினும் அப்படியே என்று விடை வந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் அபூ உமாமா (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. முஸ்லிமல்லாதாரின் உரிமையைப் பறிப்பதும் அவ்வாறே விலக்கப்பட்டது என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். பெருமானார் உவமைக்கு எடுத்தது பொன்னையன்று, ஒட்டகத்தையன்று, ஒரு குச்சியை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் நெறி விளங்கும். அடுப்புக்குச் சுள்ளி பொறுக்குவது ஒன்று. விற்பனைக்கென்று மூட்டை மூட்டையாகச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டாவதற்குத் தோட்டத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்பதே முறை. அதனைக் கேட்கச் சொல்லும் பொறுப்பு வாங்கி விற்கும் நமக்கும் உண்டு.

விளையாட்டுப் பொருள் வீண் பொருளா?

பிள்ளை விளையாடும் சொப்புச் சாமானைப் பற்றி வணிகர் இதழில் இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது வைத்து விளையாடிய பொம்மைகளிடையே, துணிக் கந்தலால் இரு சிறகு கட்டிய குதிரையொன்று இருந்தது. குதிரைக்குச் சிறகு உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று அவர் மறுமொழி கூற, பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூத் நூல் கூறுகிறது. கந்தலிலிருந்து பிறந்த அந்த விளையாட்டுப் பொருள் திருநபியின் இல்லத்தில் இடம் பெற்றது. நாற்காலிக்கும் மேசைக்கும் உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய ஐயமும் இல்லை. எனவே இது ஆகுமான பொருள். ஆகுமான பொருளுக்கு ஆகுமான விலை ஒன்று உண்டு.

மதிப்பு எங்கிருந்து வருகிறது?

"பொருளுக்கு மதிப்பில்லை, ஆகவே வேலைக்கும் மதிப்பில்லை" என்னும் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்த நாட்டின் வரலாறே சாட்சி கூறும். 1888 முதல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, கித்தா விதைகளைத் தோட்டக்காரர்களிடம் வற்புறுத்திக் கொடுத்தபோது அவரைப் பித்தர் என்று கேலி செய்தனர். அந்த விதையே பின்னர் மலாயாவின் செல்வமாயிற்று.

மரமும் அப்படியே. சுமார் 25, 30 ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்படும் கித்தா மரத்தை முன்பெல்லாம் தோட்டத்திலேயே எரித்தார்கள். அல்லது ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடத்துக்கு விறகாக்கினார்கள். வெட்டியவுடன் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும் என்பதால் அதைத் தச்சர் தொடவில்லை. வெட்டிய சில நாட்களுக்குள் போரான் உப்புக் கரைசலை மரத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்தபின், குறிப்பாக 1980களுக்குப் பிறகு, அதே விறகு நாற்காலியாகவும் கட்டிலாகவும் மாறியது. மூவார் நகரத்துத் தளவாடத் தொழில் இன்று பெரிதும் அந்த மரத்தை நம்பியே நடக்கிறது. மரம் மாறவில்லை, அதைக் கையாளும் அறிவும் உழைப்பும் சேர்ந்தன. விறகுக்கும் தளவாடத்துக்கும் உள்ள விலை வேறுபாடு முழுவதும் அவ்விரண்டின் விலையேயாகும்.

கித்தாவுக்குப் பின் நெகிரி செம்பிலானை மூடிய செம்பனையும் இதையே சொல்கிறது. வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகள் வரிசைகளுக்கிடையே மக்கிக் கிடந்தன. இன்று அவற்றின் ஈர்க்கை உருவி விளக்குமாற்றுக்குக் கட்டுகிறார்கள். தட்டும் கூடையும் பின்னுகிறார்கள். அது இந்தியாவுக்கும் ஏற்றுமதியாகிறது.

நம் முன்னோர் நாட்டுக்குச் சென்று பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையில் வளரும் கோரைப் புல்லை வெட்டி, ஆற்று நீரில் ஊறவைத்து, இழையாகக் கிழித்து நெய்யும் பத்தமடைப் பாய், பட்டுப்போல் மடியும். அதை நெய்து புகழ்பெறச் செய்தவர்கள் பெரும்பாலும் நம் முஸ்லிம் குடும்பத்தினரே. புல்லை யாரும் காசு கொடுத்து வாங்கும் பொருளாக நினைப்பதில்லை. பாயின் மென்மையோ முழுக்க விரலின் உழைப்பு.

இன்னும் ஒரு சான்று. நாம் வேலியோரத்தில் காணும் உண்ணிச்செடியை மலாய்க்காரர் கோழி எச்சப் பூ என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி இந்தியக் காடுகளை மூடி, யானைக்கும் மானுக்கும் மேய்ச்சல் இல்லாமற் செய்துவிட்டது. கருநாடகத்து மாதேசுவரன் மலையில் சோலிகர் மக்கள் அதன் தண்டுகளை வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து நாற்காலிகளும் கூடைகளும் செய்கிறார்கள். நீலகிரியின் கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் அதே தண்டுகளால் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட யானை உருவங்களைக் கட்டினார்கள். அவை 2024இல் அமெரிக்காவின் நியூபோர்ட், நியூயார்க், மயாமி நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. உருவம் சமைப்பது நம் வழியன்று; எனினும் காட்டைக் கெடுத்த களைக்கு விலை தந்தது கைதான் என்பதை அது எடுத்துக் காட்டுகிறது.

இத்தனை சான்றுகளும் ஒன்றையே கூறுகின்றன. புல்லும் நீரும் நெருப்பும் மக்கள் யாவருக்கும் பொதுவானவை என்பது நபிமொழியின் கருத்து. இறைவன் இலவசமாகத் தந்ததன்மேல் மனிதன் சேர்ப்பது அவன் உழைப்பு ஒன்றுதான். ஆகவே சுள்ளி நாற்காலியில் நாம் விலை பேசுவது குச்சிக்கன்று. குச்சியின் விலையில்லாமையைக் காட்டிக் கூலியைக் குறைப்பது, ஒன்றின் குறையை மற்றொன்றின்மேல் ஏற்றுவதாகும்.

நீங்களே பார்த்துக் கொடுங்கள்

இப்போது கடை மேசைக்குத் திரும்புவோம். அந்த அம்மாள் ஒரு நாற்காலிக்கு மூன்று மணி நேரம் செலவிட்டார் என்று கொள்வோம். இந்நாட்டில் 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளிக்கு மேல். அந்தக் கணக்கில் அவருடைய கூலி மட்டும் 24 வெள்ளிக்குக் குறையாது. நாம் ஐந்து வெள்ளி கொடுத்து வாங்கிச் சிரம்பானிலோ போர்ட்டிக்சனிலோ முப்பத்தைந்து வெள்ளிக்கு விற்கிறோம். அவர் சம்மதித்தார், நாம் பொய் சொல்லவில்லை, எடை குறைக்கவில்லை. குற்றம் எங்கே என்று கேட்கலாம்.

மார்க்கச் சட்டத்தில் இவரைப் போன்றவருக்கு ஒரு பெயரே உண்டு. விலையறியாது எதிராளியை நம்பி விட்டுவிடுபவரை 'முஸ்தர்சில்' என்பர். இத்தகையவர் பெரிதும் நட்டப்பட்டால் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்று ஹன்பலி மத்ஹபும் மாலிக்கி அறிஞர் பலரும் கூறுகின்றனர். நம்மவருள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளிலோ, ஏமாற்றுதல் கலவாத இடத்தில் விலைக் குறைவு ஒன்றே முறிப்பதற்குப் போதாது என்பதே பொது நிலை. ஆகவே, நம் மத்ஹபின் சட்டப்படி அந்த ஐந்து வெள்ளி வியாபாரம் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். சட்டத்தில் செல்லுவதெல்லாம் அல்லாஹ்வின் சந்நிதியில் செல்லுமா என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.

இதற்கு விடை கூறியவரும் ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் ஒருவரே. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் வாணிபத்தில் நீதி வேறு, இஹ்ஸான் என்னும் நன்னயம் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார்கள். நீதி முதலைக் காப்பது போன்றது. இஹ்ஸான் இலாபம் போன்றது. முதலோடு மட்டும் திருப்தியடையும் வணிகர் நம்மில் யாரும் இல்லையே! மறுமை வாணிபத்தில் மட்டும் முதல் தப்பினால் போதும் என்று ஏன் இருந்துவிட வேண்டும்?

அவர்கள் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று நம் வினாவுக்கு நேரே பொருந்தும். பஸராவில் யூனுஸ் இப்னு உபைது (ரஹ்) என்னும் வணிகர் இருந்தார். அவர் தொழுகைக்குச் சென்றிருந்த வேளையில், இருநூறு திர்ஹம் பெறும் ஆடையை அவருடைய சகோதரர் மகன் ஒரு கிராமத்து அரபிக்கு நானூறுக்கு விற்றுவிட்டார். வழியில் அந்த அரபியைக் கண்ட யூனுஸ், திரும்பி வந்து மிகுதியைப் பெற்றுக்கொள்ளச் சொன்னார். தம் ஊரில் இது ஐந்நூறு பெறும், தாம் மனமொப்பியே வாங்கியதாக அவர் கூறினார். யூனுஸ் விடவில்லை, இருநூறு திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்து, இளைஞரையும் கடிந்துகொண்டார். வாங்கியவர் ஒப்பினாரே என்று இளைஞர் வாதாட, உனக்கு நீ விரும்புவதை அவருக்கும் விரும்பியிருக்கக் கூடாதா என்பதே அவருடைய வினாவாயிற்று. மனம் ஒப்புதல் வியாபாரத்துக்கு வேண்டிய கட்டாயம். அறியாமையால் ஒப்பிய மனத்தைப் பயன்படுத்திக்கொள்வது அதனால் நியாயமாகிவிடாது.

பெருமானாரின் கட்டளையிலும் இக்கருத்து பொதிந்துள்ளது. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையறிந்தபின் முறித்துக்கொள்ளலாம் என்றும் முஸ்லிமின் அறிவிப்பில் உள்ளது. விலை அறிந்தவன் விலை அறியாதவனை வழிமறிக்கக் கூடாது என்பதே இதன் உட்பொருள். நம் கடை வாசலில் நிற்கும் தோட்டத்து அம்மாளுக்கு நாமே சந்தை. விலையை நாம் மறைத்தால் அவர் என்றுமே சந்தையைக் காணமாட்டார்.

ஷுஐப் நபி (அலை) அவர்கள் மத்யன் வாசிகளான வணிகர்களுக்குச் செய்த உபதேசம் திருக்குர்ஆனில் ஒரு முறைக்கு மேல் வருகிறது. அளவையும் நிறுவையையும் நிறைவாகச் செய்யச் சொன்னதோடு நின்றுவிடாமல், மக்களுக்கு அவர்களுடைய பொருள்களைக் குறைத்துவிட வேண்டாம் என்றும் அவர் கூறினார். குறைத்து எடை போடுவது போலவே, பிறர் பொருளை இழித்துப் பேசி மதிப்பைக் குறைப்பதும் இதில் அடங்கும் என்று விளக்குவோர் உண்டு. "இது என்ன குச்சி, நாளைக்கே ஒடிந்துவிடும்" என்று வாங்கும்போது கூறிவிட்டு, விற்கும்போது "அருமையான கைவேலை" என்று கூறும் நாக்கு இந்த வசனத்தின் முன்னே நிற்க முடியுமா? அங்கே கூறப்பட்டது 'மக்கள்' என்ற பொதுச் சொல் என்பதையும் மறத்தலாகாது. விற்பவர் எம்மதத்தினர் என்று அது கேட்கவில்லை.

வணிகனின் பக்கம்

நம் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். கடைக்கு வாடகை உண்டு; ஆளுக்குச் சம்பளம் உண்டு. சிறு நாற்காலி மூன்று மாதம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கலாம். கால் ஒடிந்து நட்டமாகலாம். அந்த இடரை ஏற்பவனுக்கு இலாபம் ஹலாலானது. பண்டங்களுக்கு விலை நிர்ணயிக்கும்படி வேண்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதை மறுத்துவிட்டதும் நாம் அறிந்ததே. எனவே இன்ன விலைதான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சங்கமும் சட்டம் போட முடியாது. இருபத்துநான்கு வெள்ளிக் கூலியை வாங்குபவர் தரமாட்டார் என்றால், வாங்காமல் விடவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். "இந்த அளவு நாற்காலி இங்கே இன்ன விலைக்குத்தான் போகும், இதைவிடச் சிறியதாக, விரைவாகச் செய்ய முடியுமா பாருங்கள், அம்மா" என்று கூறுவது, ஐந்து வெள்ளியை நீட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

இரக்கப்பட்டு ஐம்பது வெள்ளியைக் கையில் வைத்து அனுப்புவதும் சரியான விடையன்று. அன்ஸாரிகளுள் ஒருவர் யாசித்து வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குப் பிச்சையிடவில்லை. அவர் வீட்டிலிருந்த ஒரு விரிப்பையும் ஒரு கிண்ணத்தையும் கொண்டுவரச் சொல்லி ஏலம் விட்டார்கள். ஒரு திர்ஹத்துக்குக் கேட்டவரோடு நில்லாமல், இரண்டு திர்ஹம் தந்தவருக்குக் கொடுத்தார்கள். ஒன்றை உணவுக்கும் மற்றொன்றைக் கோடரிக்கும் செலவிடச் செய்து, அந்தக் கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே ஒரு மரக்கம்பைப் பிடியாகப் பொருத்தி, விறகு வெட்டி விற்று வருமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாளில் அவர் பத்துத் திர்ஹம் ஈட்டிவந்தார். அந்த ஏலத்தை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஏழையின் பழைய பொருளுக்கு இயன்ற நல்ல விலை பெற்றுத் தருவதையே பெருமானார் முதல் உதவியாகக் கொண்டார்கள். பிச்சை கையை விரியச் செய்யும். நியாய விலை கையை நிமிரச் செய்யும்.

மறைவான குறை

வாங்குபவருக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். கித்தா மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அதனால் வண்டு அதை விரும்பித் துளைக்கும். இன்று அழகாக இருக்கும் நாற்காலி சில மாதங்களில் ஊசித் துளைகளோடு மாவாக உதிரலாம். பட்டையை முழுதும் உரித்து, நன்கு உலர்த்தி, மருந்திட்டவை அல்லாதவற்றை அப்படியே சொல்லித்தான் விற்க வேண்டும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்பவரைக் கேட்ட செய்தியை அறியாத முஸ்லிம் வணிகர் இல்லை. உளுத்த குச்சிக்கு வார்னிஷ் பூசி விற்பதும் ஈரத் தானியத்தின்மேல் உலர்ந்ததைப் பரப்பி விற்பதும் ஒன்றே.

செய்யத்தக்கது

வணிகச் சகோதரர்களே! இவ்வளவும் ஒரு சாண் நாற்காலிக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. நம் சமூகத்தின் கடைகள் பல தோட்டத்துச் சம்பளத்தால் வளர்ந்தவை. சம்பள நாளில் துணி மூட்டையோடு லயங்களுக்குச் சென்றவர்களும், தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்துப் பற்று எழுதியவர்களும் நம் பாட்டனார்கள். அந்தப் பற்றேட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் அங்கே இருந்தார்கள்; எழுதியதை நம்பிப் பணம் கொடுத்தார்கள். நேர்மையாக எழுதியவர்களை அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழ்த்துகிறார்கள். மற்றவர்களின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது.

அத்தோட்டங்கள் பல இன்று இல்லை. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளரே தோட்டம் வாங்க வேண்டும் என்று துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த நெருக்கடியில்தான். பின்னர் செம்பனை வந்தது. சிரம்பான், நீலாய்ப் பகுதிகளில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தைவிட்டு வெளியேறியவர்கள் தம்மோடு கொண்டுவந்த சொத்து, அவர்களுடைய கைகளும் அக்கைகள் அறிந்த வேலையும்தான். அவர்கள் செய்யும் பொருளை விலைபேசும் வாய்ப்பு மறுபடியும் நம் மேசைக்கே வருகிறது.

நாம் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று முதலில் கேட்போம். என்ன விலைக்கு விற்க எண்ணுகிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்வோம். இடரை ஏற்க மனமில்லையெனில் பொருளை அமானிதமாகக் கடையில் வைத்து, விற்றபின் பேசிய தரகை எடுத்துக்கொண்டு மிகுதியைக் கொடுப்போம். விற்ற விலையை மறைக்காமல் கணக்கில் காட்டுவோம். செய்தவர் கையெழுத்துப் போடத் தெரியாதவராயினும் கணக்கை அவருக்குப் படித்துக் காட்டுவோம்.

"நீங்களே பார்த்துக் கொடுங்க, பாய்" என்று ஒருவர் கூறும் கணத்தில், விற்பவரின் வழக்கும் வாங்குபவரின் வழக்கும் ஒரே மனிதரின் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. தம் வழக்குக்குத் தாமே நீதிபதியாக அமர்வதைவிட ஆபத்தான ஆசனம் உலகில் இல்லை. நம்மைக் காண்பவன் ஒருவன் உண்டு என்ற நினைவோடு அந்த ஆசனத்தில் அமர்வோமாக. ஒரு குச்சியின் அளவுக்கும் பிறர் உரிமை நம்மேல் தங்காத நிலையில் அவனைச் சந்திக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.